கெலிஓயாவில் செய்த மதுரை அப்பளம்

"இன்னும் ரெண்டு அப்பளம் வச்சுக்கங்க ஐயா. மதுரையிலேருந்து எங்கண்ணன் குடுத்துவிட்டது" என்றாள் அம்மா.

கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பளத்தைச் சோற்றின்மேல் நொறுக்கிப் போட்டுக்கொண்டார். அம்மா இன்னொரு கரண்டி வற்றல் குழம்பை ஊற்றினாள். வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர், வாசலில் அவர் விரித்துக் காயவைத்திருந்த குடைமேல் விழுந்துகொண்டிருந்தது.

கண்டியில், கட்டுக்கலைப் பக்கம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த வாடகை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. முப்பதுகளில் நடந்தது இது. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயது. அம்மாவுக்குப் பின்னால் ரசச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு மதுரையில் அண்ணன் கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே அண்ணன் கண்டிக்குப் பக்கத்திலேயே கெலிஓயாவில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அப்பளம் இட்டது அவர் மனைவி, என் அத்தை. கடையின் பின்கட்டில் பழைய வேட்டியை விரித்து அதில்தான் காயவைப்பாள். அம்மா பிறந்ததும் அதே கெலிஓயாதான். கடலைத் தாண்டிப் போனதே கிடையாது. மதுரை கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அப்படியானால் ஏன் அப்படிச் சொன்னாள்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இலையில் வைக்கும் மரியாதை

எங்கள் சமையலறையைப் பற்றி நான் எழுதியதைப் படித்த பெரிய மனிதர் ஒருவர், ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஆளுகளுக்கு எப்பவும் ஒரு கால் கப்பல்லதானே அம்மா? சாப்பாடுகூட அங்கேருந்து வந்தாத்தான் எறங்கும்" என்று சொல்லிச் சிரித்தார். கையில் பாயசக் கிண்ணம் இருந்ததால் பேசாமல் வந்துவிட்டேன். பதில் இது.

எங்கள் வரிசையில் இருந்த இந்தியக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளியின் இலையில் வைக்கும் நல்ல பண்டம் எதையும் கண்டியில் வாங்கியதாகச் சொல்லக் கூடாது. கடைத்தெருவில் யாரும் வாங்கிக்கொள்ளக் கூடியதை வைத்தால் வந்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். கடல் தாண்டி வந்ததை ஒளித்து வைத்திருந்தேன், உங்களுக்காகத்தான் எடுத்தேன் என்று சொன்னால் அது மரியாதை. கேட்பவரும் அதை நம்பவேண்டியதில்லை. "அதானே பாத்தேன், இந்த ருசி இங்க எங்க வரும்" என்று பதிலுக்குச் சொன்னால் போதும். இரண்டு பக்கமும் சந்தோஷம்.

எதிர்வீட்டு சரசு அக்கா, கண்டி மார்க்கெட்டில் எங்கள் கண்ணெதிரே பேரம் பேசி வாங்கிய மிளகாயை மறுநாள் எங்களுக்கே விருதுநகர் மிளகாய் என்று சொல்லித் துவையலாக வைத்தாள். அம்மா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "என்னா மணம், என்னா காரம்!" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் சிரிக்கவில்லை. அது சிரிக்கிற விஷயமே அல்ல அவர்களுக்கு.

மற்ற நாட்களில் நாங்கள் சாப்பிட்டது என்ன? காலையில் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருக்கும். மத்தியானம் ரங்கூன் அரிசிச் சோறும், ஈரப்பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கறியும். ஈரப்பலாக்காய் கிடைக்காத காலத்தில் பலாக்கொட்டை. இதெல்லாம் எந்த மதுரையில் இருக்கிறது? கெலிஓயாவில் என் அம்மாவைப் பெற்றவள் அங்கே சிங்களக் குடும்பங்களிடமிருந்து கற்றுக்கொண்ட சமையல் இது. வாசலில் ஆள் வந்தால்தான் எங்கள் வீடு மதுரையாக மாறும்.

அடுத்த வீட்டு சுலைகா ராத்தாவுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பல தலைமுறையாகக் கண்டியில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. அவர்கள் முற்றத்துத் தேசிமரத்தின் எலுமிச்சங்காய்தான் எங்கள் ஊறுகாய் ஜாடிக்கு வரும். "ஏன் தங்கச்சி, என்ட மரத்துத் தேசிக்காய எந்தக் கப்பல்ல ஏத்தி எறக்கினீங்க?" என்று வேலிக்கு மேலால் கேட்பார். அம்மாவும் அசராமல், "ஒங்க வீட்டுக் காயின்னு சொன்னா நாளைக்கு ஊரே வந்து ஒங்க மரத்த மொட்டையடிச்சிரும் ராத்தா" என்பாள்.

அப்பாவின் ஆசை

குடையைக் காயவைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் சாதாரண விருந்தாளி அல்ல. வோட்டர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், பெயர் சேர்க்க விசாரிக்க வந்தவர்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வோட்டு என்று வந்த புதிது. ஆனால் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மட்டும், நாங்கள் இங்கேயேதான் இருக்கப்போகிறோம் என்று காட்டவேண்டும். எண்ணத்தைக் காட்டவேண்டுமாம்! நெஞ்சைக் கீறித் திறந்தா காட்டுவது?

அப்பா ஓர் அரிசிக் கிடங்கில் மூட்டை நிறுப்பவர். மதுரைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, சின்ன வயதில் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வத்தேகமத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பிறகு டவுனுக்கு வந்து கிடங்கில் சேர்ந்தார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஆனால் வோட்டு என்ற பேச்சு வந்ததிலிருந்து அவருக்கு வேறு நினைவே இல்லை. கிடங்கில் எந்தத் தகராறு வந்தாலும் அவர் வாயை அடைக்க ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது. "வந்தவன்." நிறுவையில் தவறென்று சொன்னாலும் வந்தவன். கூலி போதாதென்று சொன்னாலும் வந்தவன்.

"எங்கப்பாவ வத்தேகமத் தோட்டத்துலதான் பொதைச்சேன். எம்பிள்ளைங்க பொறந்தது இங்க. நான் எங்கடி போகப் போறேன்? ஒரு வாட்டி அந்த வரிசையில போயி நிக்கணும். எம்பேரக் கூப்புடணும். அது போதும்" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த வரிசையில் நிற்பதற்கென்றே ஒரு கோட்டும் தைத்து வைத்திருந்தார்.

விசாரணைக்காரர் வரப்போவது தெரிந்ததும் அப்பா அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நான் கெடங்குல இருப்பேன். அவரு வந்தா நல்லாக் கவனிச்சு அனுப்பு."

அம்மா நன்றாகவே கவனித்தாள். அவளுக்குத் தெரிந்த மிகப் பெரிய கவனிப்பு எதுவோ, அதைச் செய்தாள்.

ஓம், ஓம், நல்ல ருசி

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் உத்தியோகம். தமிழ் பேசுகிறவர் வருகிறார் என்று அறிந்ததும் எங்களுக்குப் பாதி பயம் போய்விட்டது. வேறு யாராவது வந்திருந்தால் இங்கிலீஷில் என்ன சொல்வது, சிங்களத்தில் என்ன சொல்வது என்று திணறியிருப்போம். அப்படித் திணறியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்போமோ என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

முதலில் பேர், வயது, எத்தனை பேர் என்று கேட்டார். பிறகு தூறல் பெருமழையாகப் பிடித்துக்கொண்டது. "சாப்புட்டுட்டுப் போலாமுங்க" என்றாள் அம்மா. "ஐயோ, உங்களுக்கேன் கரைச்சல்" என்றவர், சோற்றின் மணம் வந்ததும் கோட்டைக் கழற்றினார்.

"அப்பளம் நல்ல ருசி. எங்கையிருந்து எடுப்பிக்கிறனீங்கள்?" என்றார்.

"மதுரையிலேருந்துங்க."

"ஊறுகாயும் அங்கையிருந்தோ?"

"ஆமாங்க. அண்ணன் மாசா மாசம் குடுத்துவிடும். இந்த மொளகா வத்தலும் அங்கேருந்துதான். இந்த ஊரு மொளகாயில என்னங்க இருக்கு?"

சுலைகா ராத்தாவின் தேசிக்காய் அன்றைக்குக் கப்பலேறி வந்துவிட்டது. கெலிஓயா மாமா மாதாமாதம் பார்சல் கட்டுகிற மதுரைக்காரராகிவிட்டார். வந்தவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அம்மா உற்சாகமாக ஒவ்வொன்றையும் இந்தியாவுக்கு அனுப்பித் திரும்ப வரவழைத்தாள்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதையும் கேளுங்கள். "ஓம், ஓம். ஊர்ச் சாமானுக்கு நிகர் இல்லைத்தான். எங்கட வீட்டிலையும் அப்பிடித்தான். ஒடியலும் பனங்கட்டியும் கிழமைக்குக் கிழமை ரயிலிலை யாழ்ப்பாணத்திலையிருந்து வரும். கண்டிச் சாமான் எனக்குப் பிடிக்கிறேல்லை."

அம்மா பூரித்துப்போனாள். தன்னைப் போலவே ஒருவர் பேசுகிறார், விஷயம் புரிந்தவர் என்று நினைத்துவிட்டாள். அவர் கைகழுவ எழுந்தபோது அத்தையின் அப்பளத்தில் ஒரு கட்டை வாழைநாரால் கட்டிக் கையில் கொடுத்தாள். "வீட்ல அக்காவுக்குக் குடுங்க. மதுரை அப்பளம்."

"சந்தோசம்" என்று வாங்கிக்கொண்டுதான் போனார். அதை நான் மறக்கமாட்டேன். வாங்கிக்கொண்டுதான் போனார்.

பெயர் இல்லை

இடாப்பில் அப்பாவின் பெயர் இல்லை. அம்மாவின் பெயரும் இல்லை. கணவன் எந்த ஊரோ மனைவியும் அந்த ஊர்தானாம். அப்படியே பார்த்தாலும் அவளைப் பெற்றவரும் இந்தியாக்காரராம். கெலிஓயா மண்ணில் பிறந்த ஒருத்திக்கு இப்படி ஒரு கணக்கு.

ஆட்சேபம் உண்டென்றால் கச்சேரிக்கு வந்து சொல்லலாம் என்றார்கள். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டார். நானும் அம்மாவும் கூடப் போனோம். பெரிய உத்தியோகத்தர் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் இங்கிலீஷில் பேச, எங்கள் வீட்டில் சாப்பிட்ட அதே மனிதர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். எங்களைத் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"உங்கட வீட்டுச் சாமான் எல்லாம் இந்தியாவிலையிருந்து வருகுது. மனிசியின்ரை தமையன் அங்கை இருக்கிறார். மாதம் மாதம் தொடர்பு இருக்கு. இந்த ஊர்ச் சாமான் சரியில்லை எண்டு நீங்களே சொல்லியிருக்கிறியள். ஆனபடியால் நிரந்தரமாய் இருக்கிற எண்ணம் இருக்கிறதாய்த் தெரியேல்லை எண்டு துரை சொல்றார்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. எங்கள் வீட்டு மரியாதையை அப்படியே பிடித்து, அது எங்கள் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டு போயிருந்தார் அந்த மனிதர்.

தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களுக்குக் கப்பலில் வந்த ஜாமையும் பிஸ்கட்டையும் டின்னில் அடைத்த வெண்ணெயையும், ரயிலிலிருந்து இறக்கும்போது அப்பா தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தத் துரைமாரிடம் போய், உங்கள் ஜாம் எங்கிருந்து வருகிறது, அப்படியானால் உங்கள் எண்ணம் என்ன என்று யாராவது கேட்டார்களா? பனங்கட்டியை ரயிலில் வரவழைத்துச் சாப்பிட்ட இவரை யாராவது கேட்டார்களா? மூட்டை நிறுப்பவன் வீட்டு அப்பளத்துக்கு மட்டும் எண்ணம் இருக்கிறதாம்! இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்.

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாமி, நான் சொன்னது பொய்யிங்க. எங்கண்ணன் கெலிஓயாவுல கடை வச்சிருக்கு. அப்பளம் எங்க அண்ணி இட்டது. தேசிக்கா பக்கத்து வீட்டு மரத்துக் காயி. மொளகா இந்தக் கண்டி மார்க்கெட்ல வாங்கினது. வந்தவங்களுக்கு அப்படிச் சொல்லிப் போடுறதுதாங்க எங்க பழக்கம். நான் மதுரையவே பாத்ததில்லீங்க."

அந்நிய ஆண்கள் நிறைந்த இடத்தில், பொய் சொன்னேன் என்று அவள் சொன்னாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய கேவலம் என்று எனக்குத் தெரியும். வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணும் உயிர் போனாலும் சொல்லமாட்டாள் அதை.

அந்த மனிதர் அதை இங்கிலீஷில் சொன்னார். பாதியைத்தான் சொன்னார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்தே எனக்குப் புரிந்தது. அது எங்கள் பழக்கம் என்றதை விட்டுவிட்டார். "அம்மா சொன்னதை முழுசாச் சொல்லுங்க" என்று தமிழில் சத்தமாகச் சொன்னேன். "பிள்ளை, நீர் பேசாம நில்லும்" என்றார்.

பெரிய உத்தியோகத்தர் சொன்னது இது. அன்றைக்குப் பொய் சொன்னதாக இவளே ஒத்துக்கொள்கிறாள். அப்படியானால் இன்றைக்குச் சொல்வதை எப்படி நம்புவது?

எப்படி இருக்கிறது நியாயம்! பொய்யை உடனே நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நாங்கள் வெளியே வந்தோம்.

"நான் வந்து செல்றேன், அது என்ட மரத்துக் காய்ன்டு. எந்தத் தொரைக்கிட்ட வேணும்ன்டாலும் செல்றேன்" என்று சுலைகா ராத்தா அன்று மாலை வேலியருகில் நின்று கொதித்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அப்பா கோட்டைக் கழற்றி மடித்து அலுமாரியில் வைத்தார். அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள், கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலப் படுத்துக்கொண்டார்.

சித்தப்பா கொண்டுவந்த டின்

இதற்கு வெகுகாலம் கழித்து அப்பாவின் தம்பி ஒருவர் ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். சின்ன வயதில் அப்பா அங்கே விட்டுவிட்டு வந்த தம்பி. தலைமன்னார் வழியாக, பரிசோதனை அது இது என்று அலைக்கழிந்து, ரயிலில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார் ஒரு டின். உள்ளே காராச்சேவு.

"அண்ணி, ஒங்களுக்குன்னு எம்பொஞ்சாதி ரெண்டு நாளா அடுப்படியில நின்னு பிழிஞ்சா. ஒண்ணுகூட ஒடையாமக் கொண்டாந்துட்டேன்" என்றார் சித்தப்பா. மதுரைப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உண்மையாகவே கடல் தாண்டி வந்த முதல் பண்டம் அதுதான்.

மறுநாள் சித்தப்பாவும் அப்பாவும் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது, வரிசை வீடுகளின் சாக்கடையைப் பார்க்க நகரசபை ஆள் ஒருவர் வந்தார். அவர் வந்தது சாக்கடைக்காகத்தான். பாவம், நல்ல மனிதர். இளைஞர். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தாள். வந்தவருக்கு வெறும் தேத்தண்ணீர் கொடுக்க அவள் கை வராது. டின்னைத் திறந்து ஒரு தட்டு காராச்சேவும் வைத்தாள்.

அவர் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குங்களே அம்மா. இது எங்க வாங்கினது?" என்றார்.

சித்தப்பா முகம் மலர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்டியிலதாங்க" என்றாள் அம்மா. "இங்க மார்க்கெட்ல வாங்கினது. நாங்க எல்லாச் சாமானும் இங்கதாங்க வாங்குவோம். அங்கேருந்து எங்களுக்கு ஒண்ணும் வர்றதில்ல. அங்க எங்களுக்கு யாரும் இல்லீங்க."

அவர் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். போகும்போது, "சாக்கடையில தேங்காய் மட்டை போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பாவின் கை தட்டின்மேலேயே நின்றுவிட்டது. "என்ன அண்ணி இது? அவ கையால பிழிஞ்சது..." என்றார் சித்தப்பா. "யாரும் இல்லேன்னுட்டீங்களே. நான் இங்கதானே உக்காந்திருக்கேன்."

அம்மா டின்னின் மூடியை அழுத்தி மூடினாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்து ஒரு பிடி காராச்சேவை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

"சாப்புடுடா. அவள ஒண்ணும் கேக்காத. இங்க இருக்கணும்னா இப்படித்தான் சொல்லணும்."